அந்திப் பொழுதும் ஆறறிவும்

கொல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவர்களுள் பிரின்செப் படித்துறையை அறியாதவர் அரியர். ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் ஒரு மண்டபம். அதைச் சுற்றிப் புல்வெளி. அதற்கப்பால் வட்ட இரயில்பாதை. அதையும் கடந்தால் படிக்கட்டும் படகுகளும் ஆறும். தெற்கே 1992-இல் திறக்கப்பெற்ற வித்தியாசாகர் பாலம் வானில் வீணைத் தந்திகளைக் கட்டியது போல் நிற்கிறது. நாம் நிற்பது கிழக்குக் கரையாதலால், மறுகரையிலுள்ள ஹௌராவின் கூரைகளுக்குப் பின்னே கதிரவன் இறங்குவதை எதிரே காணலாம்.

அந்த மண்டபம் ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுந்தது. பிராமி எழுத்தின் மறையை 1837-இல் விடுவித்தவர் அவர், 1840-இல் மறைந்தார். தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் பிற்காலத்து அறிஞர் படிப்பதற்கும் அவர் திறந்த வழியே தொடக்கமாயிற்று. ஆகவே அந்த மண்டபத்தின் நிழலில் நமக்கும் சிறிது உரிமை உண்டு எனலாம்.

தேர்வு நெருங்கும் நாட்களிலும், ஊர் நினைவு வாட்டும் நாட்களிலும் நம்மில் பலர் அங்கே போய் அமர்கிறோம். திரும்பி வரும்போது, ‘மனத்துக்கு அமைதியாக இருந்தது’ என்கிறோம். இந்த அமைதி மனத்தில் மட்டும் தோன்றுவதா? அல்லது புறத்தேயும் உண்மையாகவே ஏதேனும் அமைதி அடைகிறதா? பௌதிகம் பயிலும் மாணவனாகிய என்னை இக்கேள்வி பல மாலைகளில் பற்றிக்கொண்டதுண்டு. புறத்தேயும் அமைதி உண்டு என்பதே என் விடை. ஆனால் அவ்வமைதிக்கு இரண்டு முகங்கள் உண்டு. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை வகுக்குமிடத்து, உற்றறிதலை முதலறிவாக வைத்தார். அடுத்து நாவையும், மூக்கையும், கண்ணையும், செவியையும் வரிசைப்படுத்தி, மனத்தை ஆறாவதாக நிறுத்தினார். நாமும் அவ்வரிசையிலேயே செல்வோம்.

உடல்

சித்திரை வைகாசியில் கொல்கத்தாவின் புழுக்கம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் நம் தோலிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால் காற்றில் முன்னரே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து நிற்கும். தோலை ஒட்டிய ஈரக் காற்றை அகற்றிப் புதிய காற்றைக் கொண்டுவர ஒருவர் வேண்டும். அந்தப் பணியைச் செய்வது மாலையில் வங்கக் கடலிலிருந்து வீசும் தெற்குக் காற்று.

வங்காளிகள் இதனைத் ‘தொக்கினா பாத்தாஸ்’ என்பர். தெற்கிலிருந்து வரும் காற்று என்பது பொருள். நாம் ‘தென்றல்’ என்பதற்கும் அதுவே பொருள் அன்றோ? இரண்டு மொழியாரும் இன்பம் தரும் காற்றைத் திசையாலேயே பெயரிட்டழைத்தனர். நகரத் தெருக்களில் மாடங்கள் இக்காற்றை மறிக்கின்றன. ஆறோ வடக்கு தெற்காக ஓடும் அகன்ற திறந்தவெளி. காற்றுக்கு அது இராஜபாட்டை.

வேறொன்றும் நிகழ்கிறது. பகலில் வெயிலால் சூடேறிய தரை, தன்னை ஒட்டிய காற்றையும் சூடேற்றுகிறது. சூடான காற்று மேலே எழும். குளிர்ந்தது கீழே வரும். உலையில் கொதிக்கும் நீரைப்போலக் காற்று முழுவதும் புரண்டுகொண்டே இருக்கும். கதிரவன் சாய்ந்ததும் அடுப்பை அணைத்தாற்போல் ஆகிவிடுகிறது. தரை விரைவாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலுள்ள காற்றோ சற்று வெப்பமாகவே இருக்கிறது. நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல, குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று அமைதியாகப் படிகிறது, இரண்டும் கலப்பதில்லை. மேலே போகப் போகக் குளிர்தல் பகலின் இயல்பாதலால், இதனை ‘இன்வர்ஷன்’ என்பர். நாம் ‘தலைகீழ் அடுக்கு’ என்று வழங்கலாம். மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால மாலைகளில் இது மிக வலுவாக அமையும்.

புறத்தே உண்டென்று நான் சொன்ன அமைதி இதுதான். பகலெல்லாம் புரண்ட காற்று அந்தியில் உண்மையாகவே அடங்கிப் படுக்கிறது. இந்த அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பற்றியும் செவியைப் பற்றியும் பேசும்போது மீண்டும் இதனிடம் வர வேண்டியிருக்கும்.

நா

பூங்காவில் நாவுக்குக் கிடைப்பவை ‘பாட்’ எனப்படும் மண்குவளைத் தேநீரும், கடுகெண்ணெய் பிசைந்த ‘ஜால்முடி’ என்னும் பொரியும். கடுகெண்ணெய் மூக்கின் உச்சிக்கு ஏறுகிறதே, அதை நாம் கார்ப்பு என்று அறுசுவையுள் எண்ணுகிறோம். உடலியலார் அதனைச் சுவை மொட்டுகளின் வேலையாகக் கொள்வதில்லை. சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்புகளின் செய்தி அது என்பர்.

மண்குவளைத் தேநீரின் சுவையிலும் பெரும்பங்கு மணமே. சுட்ட மண்ணில் சூடான நீர் படும்போது எழும் மணம், முதல் மழையில் எழும் மண்வாசனைக்கு உறவு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் வாசனைத் தொழிலாளர் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து, அம்மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்து, ‘மிட்டி அத்தர்’ என்று விற்று வருகின்றனர். இம்மணத்துக்கு ‘பெட்ரிக்கோர்’ என்று பெயரிட்ட பேர், தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய இரசாயன அறிஞர் இருவரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியரின் அத்தொழிலையும் குறிப்பிட்டுள்ளனர். நாவைப் பற்றி இவ்வளவு போதும்.

மூக்கு

பூசை விடுமுறை முடிந்து ஐப்பசி கார்த்திகையில் நீங்கள் பூங்காவுக்கு நடந்து சென்றால், வழியில் எங்கோ ஓரிடத்தில் ஒரு கனத்த நறுமணம் உங்களைத் தடுத்து நிறுத்தும். சுற்றிப் பார்த்தால் பூ எதுவும் கண்ணில் படாது. நிமிர்ந்து பார்க்க வேண்டும். அது ‘சாத்திம்’ மரம். தமிழில் ஏழிலைப்பாலை, வடமொழியில் சப்தபர்ணி. ஒரு கணுவில் ஏழளவு இலைகள் வட்டமாக அமைவதால் இப்பெயர். இதன் பலகை பண்டு பள்ளிச் சிறுவரின் எழுதுபலகையாகப் பயன்பட்டமையால், தாவர நூலாரும் மாணவருக்குரிய பெயரையே இதற்குச் சூட்டினர். சாந்திநிகேதனத்துப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்க்கு இவ்விலையையே வழங்கும் வழக்கம் இருந்தது.

இம்மணம் பகலில் ஏன் அவ்வளவாகத் தெரிவதில்லை? காரணம் இரண்டு. ஏழிலைப்பாலையும், பவளமல்லியும், இரவு மல்லி என்று நாம் சொல்லும் ‘ஹாஸ்னுஹானா’வும் மாலையில்தான் மணத்தை மிகுதியாக விடுகின்றன. வண்ணத்துப்பூச்சிகள் உறங்கப்போன பின் வெளிவரும் அந்துப்பூச்சிகளே இத்தகைய பூக்களின் விருந்தினர். இருளில் நிறம் பயன்படாது. ஆகவே வெள்ளை இதழும் வலிய மணமுமே அழைப்பிதழ். இஃது ஒரு காரணம்.

மற்றொன்று, முன் சொன்ன தலைகீழ் அடுக்கு. பகலில் புரளும் காற்று மணத்தை மேலே தூக்கிச் சென்று கரைத்துவிடும். அந்தியிலோ மேலே செல்லும் வழி அடைபடுகிறது. மணம் நம் தலைமட்டத்திலேயே மெல்லப் பரவி நிற்கிறது. பூ கொடுப்பது பாதி. அடங்கிய காற்று காத்து வைப்பது பாதி.

கண்

தென்னாட்டிலிருந்து புதிதாக வரும் மாணவர் முதற் குளிர்காலத்தில் திகைப்பதுண்டு. மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறதே என்பர். இந்தியா முழுமைக்கும் நேரம் கிழக்கு 82½ டிகிரித் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. சென்னை அதற்கு மேற்கே 80¼ டிகிரியிலும், கொல்கத்தா கிழக்கே 88⅓ டிகிரியிலும் உள்ளன. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். ஆகவே கதிரவன் கணக்கில் கொல்கத்தா சென்னைக்கு அரைமணிக்கு மேல் முந்தியது. மேலும் வடக்கே இருப்பதால் குளிர்காலப் பகலும் குறுகியது. இரண்டும் சேர்ந்து டிசம்பர் மாதத்தில் அந்தி ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. நாம் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவருமுன் அந்தி கழிந்துவிடுவதன் கணக்கு இதுவே.

இனிச் செக்கர் வானம். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் அதன் நான்காம் படிக்கேற்பப் பெருகும் என்பது ராலே பிரபுவின் விதி. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். உச்சியில் இருக்கும் கதிரவனின் ஒளி கடக்கும் காற்றைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றை, அடிவானத்துக் கதிரவனின் ஒளி கடக்க வேண்டும். வழியிலேயே நீலமெல்லாம் சிதறிப்போக, எஞ்சிய செம்மை நம்மை வந்தடைகிறது.

இந்த இடத்தில் ஒரு தமிழரை நினையாமல் செல்ல இயலாது. திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சி. வி. இராமன், 1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய காலையையும் மாலையையும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது அதன் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று ராலே கருதியிருந்தார். இராமன், தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தால் நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வானொளியை மறைத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் துலங்கிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிறுவினார். அவ்வழியே சென்ற ஆராய்ச்சி, கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாக மலர்ந்து, 1930-இல் நோபல் பரிசைக் கொணர்ந்தது. அவ்வாராய்ச்சி இந்நகரத்தில் நிகழ்ந்தது.

ஹூக்ளி நீலமன்று, வண்டல் கலந்து களிமண் நிறமாக ஓடுவது. ஆயினும் அந்தியில் அது பொன்னாகிவிடுகிறது. தலைக்கு மேலிருந்து விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கையே நீர்ப்பரப்பு எதிரொளிக்கும். மற்றது உள்ளே சென்று, வண்டலில் பட்டு, மண்ணிறமாக மீளும். கதிரவன் அடிவானத்துக்கு ஐந்து டிகிரி மேலே இருக்கும்போது பாதிக்கு மேற்பட்ட ஒளி பரப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. பகலில் மண் காட்டிய ஆறு, மாலையில் வானத்தைக் காட்டும் கண்ணாடியாகிறது.

அடிவானம் தெளிவாயிருக்கும் இடத்தில், கதிரவனின் கீழ்விளிம்பு அதைத் தொடுவதாக நாம் காணும் நொடியில் கதிரவன் உண்மையில் முழுவதும் கீழே இறங்கிவிட்டிருக்கிறது! காற்று ஒளியை அரை டிகிரிக்குச் சற்று மேலாக வளைத்து அதன் உருவத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. கதிரவனின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே. கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட அதிகம் தூக்கப்படுவதால்தான் வட்டு சற்றே நசுங்கித் தோன்றுகிறது.

அதன்பின் நம் கண்ணே மாறத் தொடங்குகிறது. ஒரு செம்பருத்திப் பூவை இலையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். வெளிச்சத்தில் பூவே இலையைவிட ஒளிரும். இருள் கவியக் கவியப் பூ கருத்துப்போகும். இலை வெளுத்துத் தெரியும். இதனைக் கண்டு கூறியவர் செக் நாட்டு அறிஞர் புர்க்கிஞ்ஜே. பகலில் பார்ப்பவை விழித்திரையின் கூம்பு வடிவ உயிரணுக்கள். இரவில் பார்ப்பவை கோல் வடிவானவை. கோல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. அவை முழுத் திறனடைய அரைமணி நேரம் வேண்டும். நடுவில் கைப்பேசியைத் திறந்து பார்த்தீர்களானால், அதுவரை ஈட்டியது வீணாகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செவி

கோடை அந்தியில் படிக்கட்டில் அமர்ந்து கேளுங்கள். நட்டாற்றிலுள்ள படகோட்டி தன் தோழனிடம் பேசுவது அருகில் பேசுவது போலக் கேட்கும். மறுகரைக் கோயில் மணியும், பள்ளிவாசலின் அழைப்பும், துறை விட்டுப் புறப்படும் படகின் ஊதலும் தெளிவாக வந்து சேரும். அவ்விடத்தில் ஆறு அரைக் கிலோமீட்டர் அளவு அகன்றது; பாலத்தின் நடுக்கண் மட்டுமே 457 மீட்டர்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். தேரின் ஒரு புறச் சக்கரங்கள் விரைவாகவும் மறுபுறத்தன மெதுவாகவும் ஓடினால், தேர் மெதுவான புறம் திரும்பும் அல்லவா? ஒலியலையும் அவ்வாறே. பகலில் தரையருகே வெப்பம் மிகுதி. ஒலி மேல்நோக்கித் திரும்பி நம் தலைக்கு மேலே போய்விடும். தலைகீழ் அடுக்கில் மேலே வெப்பம், கீழே குளிர்ச்சி; ஒலி கீழ்நோக்கி வளைந்து நம்மிடமே வருகிறது. கோடையில் ஆற்றுநீர் அதன் மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், நீரின்மேல் இவ்வடுக்கு மாலைக்கு முன்னரே அமைந்துவிடுகிறது. மரமும் சுவரும் போல் ஒலியை விழுங்க நீர்ப்பரப்பில் ஒன்றுமில்லை என்பதும் துணை செய்கிறது.

சில மாலைகளில் ஆறும் ஓசையடங்கி நிற்பதைக் காணலாம். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பினும், அதன் ஏற்றவற்றம் கொல்கத்தா வரை வருகிறது. ஏற்றத்தை ‘ஜோயார்’ என்றும், வற்றத்தைப் ‘பாட்டா’ என்றும் இங்கே வழங்குவர். ஆகாயத்தாமரைக் கொத்துகள் ஒரு மாலை தெற்கே மிதக்கும்; சில நாள் கழித்து அதே வேளையில் வடக்கே மிதக்கும். இவ்விரண்டுக்கும் இடையே நீர் எப்பக்கமும் செல்லாது நிற்கும் சில நிமிடங்கள் உண்டு. அது நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துவதால், அந்தியோடு ஒன்றுகூடும் நாட்கள் சிலவே.

மனம்

இதுவரை ஐந்து அறிவுகளும் ஒரே செய்தியைச் சொல்லின: காற்று அடங்கியது, ஆகவே மணம் நின்றது, ஓசை வந்தது. இனி ஆறாவது அறிவு ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஏழிலைப்பாலையின் மணத்தை மேலே போகவிடாமல் தடுக்கும் அதே அடுக்கு, வேறு எதையெல்லாம் தடுத்து வைக்கிறது?

விடை எளிது: புகையை. வண்டிப் புகை, கட்டட வேலைத் தூசி, குப்பை எரிப்பது, கரியடுப்பு ஆகிய அனைத்தும் குளிர்கால அந்தியில் நம் தலைமட்டத்திலேயே தங்குகின்றன. கங்கைச் சமவெளியின் வடமேற்கிலிருந்து வரும் புகையும் அவற்றோடு சேர்கிறது. இதில் கொடியது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள். தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள இத்துகள் நுரையீரலின் அடி வரை சென்று தங்கும். நாட்டில் 2009-இல் வகுத்த அளவுப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இருபத்துநான்கு மணிநேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருத்தல் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்போ 15. கொல்கத்தாவின் குளிர்கால நாட்கள் பலவற்றில் 60-உம் தாண்டிவிடுகிறது.

இந்த நுண்துகளை மூக்கு தனியே உணராது. நாவும் செவியும் உணரா. கண் மட்டும் ஓரளவு காட்டிக்கொடுக்கும், பழக்கினால். புரட்டாசி மழை ஓய்ந்த மறுநாள், மழையால் கழுவப்பட்ட காற்றில் மறையும் கதிரவனைப் பாருங்கள். பொன்னும் செம்மையும் கூர்மையாயிருக்கும். அடிவானம் வரை ஒளி குன்றாததால் உற்றுப் பார்க்கக் கண் கூசும்; பார்க்கவும் கூடாது. மார்கழியிலோ கதிரவன் மங்கிய செங்கல் வட்டாகத் தொங்கி, ஹௌராவின் கூரைகளைத் தொடுமுன்னரே சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும். மூலக்கூறுகள் நீலத்தை மட்டும் பொறுக்கிச் சிதறடிப்பவை. பெருந்துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடித்து வானத்தை வெளிறச் செய்பவை. ‘எவ்வளவு மென்மையான சூரியன்!’ என்று நாம் வியந்து படமெடுக்கும் அந்த வட்டின் மென்மை, பெரும்பாலும் புகையின் மென்மையே.

இதைச் சொல்வது யாரையும் அச்சுறுத்துவதற்கன்று. நம் விடுதிகளில் மூச்சு இளைப்பு உள்ள நண்பர்கள் இருக்கின்றனர். நுழைவுத் தேர்வுக்கும் விளையாட்டுக்குமாக அந்தியில் ஓடிப் பழகும் நண்பர்களும் இருக்கின்றனர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டுவன சில உண்டு. குளிர்காலத்தில் காற்று நன்றாகக் கலந்து புகை மேலே செல்வது பிற்பகலில்தான். ஆகவே ஓட்டத்தையும் பயிற்சியையும் அந்தியிலும் அதிகாலையிலும் வைத்துக்கொள்ளாமல் பிற்பகலில் வைத்துக்கொள்வது நலம். 2015 முதல் வெளியாகும் தேசியக் காற்றுத் தரக் குறியீட்டை வெளியே புறப்படுமுன் பார்ப்பது கடினமன்று. அது 200-ஐத் தாண்டிய நாட்களில், இளைப்பு உள்ளவர் ஆற்றங்கரையை மறுநாளைக்கு ஒத்திவைப்பதே அறிவுடைமை. விடுதிக் கொல்லையில் சருகையும் தாளையும் மாலையில் கொளுத்தும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் நாம். அந்தப் புகை வேறெங்கும் போவதில்லை. நம் சன்னலுக்கே திரும்பி வருகிறது.

ஆற்றங்கரைப் பூங்காவின் அமைதி வெறும் மனமயக்கமன்று. காற்றும் நீரும் ஒளியும் உண்மையாகவே அடங்கும் நேரம் அது. அந்நேரத்தை நன்கு நுகர்வதற்கு உரிய காலம் தெற்குக் காற்று வீசும் சித்திரை வைகாசியும், மழை கழுவிவிட்ட புரட்டாசியும் ஆகும். அம்மாதங்களில் நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள். செம்பருத்தியை இலையோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அரைமணி நேரம் பையிலேயே வையுங்கள். மார்கழியில் செல்வதானால் ஆறாவது அறிவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.